நான்கில் ஒன்று

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ராஜா கதையில்லை இது. ஒரு பெண்ணும் நாலு பொத்தானும் உள்ள கதை. சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

தொலைபேசியில் ஊராரின் கருத்தைக் கேட்டுப் பதிவது அவள் வேலை. நீளமான அறையில் முப்பது தடுப்புகள், தடுப்புக்கு ஒரு பெண். எண்ணைக் கணினியே போடும். எந்த வீட்டில் மணி அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரக் கேள்வி இது: கருவிலேயே மரபணுவைத் திருத்துவது பற்றி அரசு என்ன செய்ய வேண்டும்? அடியோடு தடை என்றால் ஒன்று. நோய்க்கு மட்டும், கட்டுப்பாட்டோடு என்றால் இரண்டு. பெற்றவர் விருப்பம் என்றால் மூன்று. கருத்தில்லை என்றால் நான்கு. எழுதியிருப்பதற்கு மேல் ஒரு சொல் பேசக்கூடாது. தெரிந்தவர் எடுத்தால் உடனே வைத்துவிட வேண்டும். மேற்பார்வையாளர் எப்போது வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்பார்.

"என் பொண்டாட்டி கோவத்தைத் திருத்துவாங்களா? அப்ப மூணு போடும்மா," என்றார் காலையில் ஒருவர். அதைச் சொன்னதும் பக்கத்துத் தடுப்புப் பெண் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பையில் ஆஸ்பத்திரித் தாள் மடித்துக் கிடந்தது. அண்ணனைப் பத்தொன்பது வயதில் கொண்டுபோன தசை நோய் அவள் ரத்தத்திலும் ஒளிந்திருக்கிறதாம். ஆண் பிள்ளை என்றால் அதற்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வயிற்றில் பத்து வாரம். இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த எண்ணில், "ஹலோ, யாரு?" என்றது அம்மாவின் குரல்.

உடனே வைத்துவிட்டிருக்க வேண்டும். வைக்கவில்லை. கேள்வியை எழுத்து பிசகாமல் வாசித்தாள். பெற்றவளுக்குக் குரல் தெரியாதா? மகளின் வேலை விதியும் தெரியும். அதனால் அம்மாவும் யாரோ போலவே பேசினாள்.

"என் பையன் மாடிப்படியை எண்ணிக்கிட்டே ஏறுவான். பன்னெண்டு. அடுத்த வருஷம் எட்டு. அப்புறம் நான் தூக்கிட்டுப் போனேன். திருத்தலாம்னு அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா ஓடிப்போய் நின்னிருப்பேங்க. இன்னிக்குக் கேக்குறப்ப, அவனே வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நாலுல ஒண்ணு சொல்லுங்க, மேடம்." சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மூச்சு வாங்குதே உங்களுக்கு. எத்தனை மாசம்?"

காதில் 'டிக்' என்றது. மேற்பார்வையாளர் இணைப்பில் வந்துவிட்டார்.

"பத்து வாரம்."

"டாக்டர் சீட்டு ஏதாவது இருந்தா எடுத்துக்கிட்டு சாயந்தரம் வாங்க. எனக்கு இன்னும் பதில் வரலை. சேர்ந்து யோசிப்போம்." அம்மா வைத்துவிட்டாள்.

திரையில் நான்கு கட்டங்கள் விட்டுவிட்டு மின்னின. ஏதாவது ஒன்றை அழுத்தாமல் அடுத்த எண் வராது. நான்காவதின் மேல் விரல் போனது. கருத்தில்லாதவளா அம்மா? பின்னால் மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. விரல் கீழே இறங்கவில்லை. மறு கை வயிற்றின் மேல் இருந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாப் படியையும் எண்ணாமலே ஏறட்டும், கண்ணுகளா.