காட்டுச்செடியில் நந்தியாவட்டை

12-9-1996, வியாழன். செடிக் கிளையைக் கிள்ளினால் பால் வரவில்லை. காட்டிலிருந்து வரும் வழியில் காய்ந்திருக்கும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு, உச்சியிலிருக்கும் நந்தியாவட்டைப் பூவை நம்பி, பால் வடியும் அரளிக் குடும்பம் என்று முடிவுகட்டினேன். தப்பு. கிளை வாளித் தண்ணீரில் பச்சையாகத்தான் நிற்கிறது.

டைரியில் இப்படி எழுதிய அன்புச்செல்விக்குப் பகலில் மில் ஆபீசில் தட்டச்சு, மாலையில் காந்திபுரத்தில் தாவரவியல் வகுப்பு. வால்பாறை மழைக்காட்டிலிருந்து சீனிவாசலு சார் கொண்டுவந்த புதர்ச்செடிக் கிளை எந்தக் குடும்பம் என்று காரணத்தோடு சொல்பவருக்குத்தான், சனிக்கிழமை அந்தக் காட்டுக்குப் போகும் ஜீப்பில் மிச்சமிருக்கும் ஒரே இடம். காட்டை அவள் பஸ் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்பே போய் வாளியருகே குந்தினாள். இந்த முறை பூவைப் பார்க்காமல் இலையிலிருந்து தொடங்கினாள். இலைகள் எதிரெதிர். ஒன்றைக் கிள்ளினாள், சொட்டுப் பாலில்லை. லென்ஸ் வைத்தாள். இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே தண்டில் முக்கோணமாக ஒரு குட்டிச் செதில், காப்பிச் செடியில் இருப்பதுபோல. உச்சியில் மட்டும் வெள்ளைவெளேரென்று நந்தியாவட்டை! கண்தான் கோளாறோ என்று லென்ஸைத் துடைத்து மறுபடி பார்த்தாள். பூவை மெல்ல இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. மோந்தால் சைக்கிள் ட்யூப் ஒட்டும் சொல்யூஷன் வாசம்.

பின்னால் யாரோ இருமினார்கள். கூடப் படிக்கும் சைக்கிள் கடை ஜெரோம். அவனுக்கும் அந்த ஜீப் மேல் கண்.

"ஏனுங்க அம்மணி, பூவைப் பிச்சுப்போட்டீங்களா?"

"பிய்க்கலீங்க. பஞ்சர் ஒட்டுனது பெயர்ந்துபோச்சுங்க."

ஜெரோம் அசடு வழிந்தான். "சார்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"நான் ஏனுங்க சொல்றேன்?" என்று பூவை இருந்த இடத்திலேயே செருகிவைத்தாள்.

சார் வந்ததும் ஜெரோம் முந்திக்கொண்டான். "காப்பிக் குடும்பமுங்க சார்!"

"அப்ப இந்தப் பூ? புதன்கிழமை மொட்டாத்தானே இருந்துச்சு. காப்பிக் குடும்பத்துல நந்தியாவட்டை எப்படித் தம்பி பூத்துச்சு?"

ஒட்டியதை ஒப்புக்கொள்ளாமல் காரணம் சொல்ல வழியில்லை; ஜெரோம் குனிந்து வாளியை நகர்த்தினான். சார் அன்புச்செல்வி பக்கம் திரும்பினார்.

"நானும் காப்பிக் குடும்பமுன்னுதானுங்க சொல்றேன். கிள்ளினாப் பால் வரலீங்க. காம்புக்கு நடுவுல செதில் இருக்குதுங்க."

"பூ?"

"அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க. நீங்களே மோந்து பாருங்க."

சார் மோந்தார், ஜெரோமின் கையைப் பார்த்தார். வகுப்பே சிரித்தது. "ஜீப் உனக்குத்தான் கண்ணு," என்றார் சார். ஜெரோம் காதோரத்தைச் சொறிந்தான். "வாளியையாச்சும் நான் கழுவி வெக்கறனுங்க."

அன்று அவள் எழுதியது: நாளை காலை ஐந்தரைக்கு உக்கடத்தில் ஜீப் ஏற வேண்டும். லென்ஸ், பழைய செய்தித்தாள், கயிறு எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தச் செடியானாலும் முதலில் ஓர் இலையைக் கிள்ளிப் பார்க்க வேண்டும்.