ஆகஸ்ட் பன்னிரண்டு மதியச் சாப்பாடு

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மதியம் என் வீட்டுக்காரர் சாப்பிட மாட்டார். பெருமாளுக்கு ஏதோ வேண்டுதல் என்று நானாக நினைத்துக்கொண்டு, பதின்மூன்று வருடம் நானும் கூடவே பட்டினி கிடந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால்தான் உண்மையைச் சொன்னார். அது விரதமே இல்லை. அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

இன்று அன்னூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் அழகிரிசாமி, பன்னிரண்டு வயதில் கோயமுத்தூரில் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையின் விடுதியில் தங்கிப் படித்தவர். விடுதிப் பொறுப்பாளர் ஃபாதர் ரெஜிஸ் அவரிடம் தவறாக நடந்துகொண்டார். ஒரு நாள் இல்லை, ஒரு வருடம். அந்த ஆள் 2009 ஆகஸ்ட் பன்னிரண்டில் செத்துப்போனார். அந்தச் சபையின் மடங்களில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் எழுந்து நிற்க, அந்தத் தேதியில் இறந்தவர்களின் பெயரையும் அவர்களைப் பற்றி ஒரு வரியையும் நினைவுப் புத்தகத்திலிருந்து வாசிப்பார்கள். விடுதியில் இருந்தபோது இவர் தினமும் கேட்டதுதான். ரெஜிஸுக்கு எழுதிய வரி பள்ளி மலரிலும் அச்சாகி வீட்டுக்கே வந்திருக்கிறது. ‘சிறுவர்களின் உற்ற நண்பர்.’

யாருக்காகப் பதின்மூன்று மதியம் பட்டினி கிடந்தேன் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சபைக்கு எழுதச் சொன்னேன். எழுதினார். உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கும் அதே ஜெபம், தேதி மட்டும் வேறு. மூன்றாவது கடிதத்தை நான் எழுதினேன். அதற்கு ஜெபம் வரவில்லை, விசாரணைக் குழு வந்தது.

சபைக்கு வெளியே இருந்து ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு பெண் வக்கீல். எட்டு மாதம் விசாரித்தார்கள். இவர் சொன்னது உண்மை, இன்னும் இரண்டு பேருக்கும் நடந்திருக்கிறது, அன்றைய தலைவர்களுக்கும் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார்கள். செத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சபையின் இப்போதைய தலைவர், புரொவின்சியல் ஃபாதர், எங்களைக் கோயமுத்தூர் மடத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

“அந்தப் புத்தகத்துல இருக்கற வரியை மாத்தோணுங்க,” என்றார் இவர். “வேற ஒண்ணும் வேண்டாங்க.”

நான் எழுதிக்கொண்டு போன காகிதத்தை நீட்டினேன். இரண்டே வாக்கியம். ‘விடுதிச் சிறுவர்களுக்குப் பாலியல் கொடுமை செய்தவர். தெரிந்தும் சபை மறைத்தது.’

புரொவின்சியல் நல்லவர்தான். நல்லவர்களுக்கே உரிய தயக்கமும் அவருக்கு இருந்தது. முதல் வாக்கியத்துக்குத் தலையாட்டினார். இரண்டாவதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இது ஒருத்தரைப் பத்தின வரிம்மா. இதுல சபையைக் கொண்டுவர வேண்டாமே. எங்க வக்கீலும் அதைத்தான் சொல்றார்.”

“ஏனுங்க ஃபாதர், அந்தாளு செஞ்சது ஒரு வருசம். நீங்க மறைச்சது நாப்பது வருசம். எது பெருசுங்க?”

இவர் என் கையைப் பிடித்தார். “போதும் ராமாமணி. மொத வரி போதும்.” எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து பாதி உண்மையோடு வீடு திரும்பினால், வருகிற ஆகஸ்டிலும் இவருக்குச் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும்.

அப்போது மூலையில் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த பிரதர் ஞானாதிக்கம் எழுந்தார். எண்பது வயது. மதியம்தோறும் புத்தகத்தை வாசிப்பவர் அவர்தான்.

“அழகிரி கண்ணு அன்னிக்கு அழுதுட்டு ஓடியாந்து சொன்னது எங்கிட்டத்தானுங்க ஃபாதர். நான் போயித் தலைவருகிட்டச் சொன்னேன். வாயை மூடிக்கன்னாரு, மூடிக்கிட்டேன். பதினஞ்சு வருசமா ‘உற்ற நண்பர்’னு வாசிச்சுப்போட்டேன். அந்த ரெண்டாவது வரி என்னையப் பத்துனதுங்க. அதை நானே வாசிக்கோணும். அது இல்லீன்னா இனி அந்தப் புத்தகத்தைத் தொட மாட்டேன்.”

புரொவின்சியல் புத்தகத்தை வாங்கி, பழைய வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, இரண்டு வாக்கியத்தையும் தன் கையாலேயே எழுதினார். வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன், சபையின் ஒன்பது மடங்களிலும் இதையே வாசிப்பார்கள் என்றார்.

இந்த வருடம் ஆகஸ்ட் பன்னிரண்டு மதியம் நாங்கள் அந்த மடத்துச் சாப்பாட்டு அறையில் இருந்தோம். முப்பது பேர் எழுந்து நின்றார்கள். பிரதர் முதல் வாக்கியத்தை வாசித்தார். இரண்டாவதை ஒவ்வொரு சொல்லாக, சமையற்கட்டு வரை கேட்கும்படி வாசித்தார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுபோனது. வழக்கமாகச் சொல்லும் ஜெபத்துக்கு முன்னால் புரொவின்சியல் இவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

“நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. அன்னைக்கே நாங்க நம்பியிருக்கணும்.”

தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது எனக்கு. ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தட்டில் சோறு விழுந்தது. நான் என் தட்டைத் தொடாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பாருக்குப் பிசைந்தார், சாப்பிட்டார். ரசத்துக்கும் பிசைந்து முடித்துவிட்டு, பரிமாறியவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க, இன்னுங்கொஞ்சம் சோறு போடுங்க.”