மலை ஏறாத முடி

வலது காலைப் பிளாஸ்டிக் தொட்டிக்குள்ளும் இடது காலைக் கவிழ்த்த பக்கெட்டின் மேலும் வைத்து, கன்னையா ஒட்டடைக் கம்பை ஓங்கிப் பிடித்திருந்தான். தொட்டி கடல். பக்கெட் கப்பல். கம்பு கோடரி. புயலுக்கு இரண்டு டேபிள் ஃபேன். கரண்ட் போனால் புயல் நின்றுவிடும்.

“கதலக்கு!” அசையாதே என்று ஹரிபாபு தெலுங்கில் அதட்டினார். கன்னையா அசையவில்லை. கேமரா ஏழெட்டு முறை சொடுக்கியது.

திருப்பதியில் மாடியொன்றில் இருந்த ஹரிபாபுவின் ஸ்டுடியோவில் பதினாலு பேர் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்காகப் பாகம் பாகமாக ஒரு சித்திரக் கதை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடக்கே பனிக்கடலில் கப்பல் விட்டுக் கொள்ளையடித்த வைக்கிங் கூட்டத்தின் சரித்திரம். அவர்கள் தலைவனுக்கு இடுப்பு வரை முடி, நெஞ்சு வரை தாடி. பாதிப் பேர் மொட்டைத் தலையோடு நடமாடுகிற ஊரில் அப்படி ஓர் ஆளைத் தேடி ஹரிபாபு ஒரு மாதம் அலைந்தார். கடைசியில், மலைக்குப் போகிற பஸ் படியில் கால் வைத்திருந்த கன்னையாவைக் கையைப் பிடித்து இறக்கினார். நிறத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அதைக் கம்ப்யூட்டரில் வெளுத்துக்கொள்வார்கள்.

அந்த முடி சாமியுடையது. மனைவி தாட்சாயணியின் வயிற்றில் கட்டி எடுத்தபோது, அவள் பிழைத்தால் மூன்று வருஷம் வளர்த்துக் காணிக்கை தருவதாக வேண்டிக்கொண்டது. அதைச் செலுத்தத்தான் அன்று இருவரும் நகரியிலிருந்து வந்திருந்தார்கள். கன்னையா ஓட்டிக்கொண்டிருந்த பவர்லூம் தறிகளை முதலாளி பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

“பத்து நாள்தான்” என்றார் ஹரிபாபு.

“பத்து நாளுதான, சாமி பொறுத்துக்கும்” என்றாள் தாட்சாயணி.

பத்து நாள் ஒன்றரை வருஷம் ஆயிற்று. தலைவன் அதற்குள் மூன்று தேசங்களைக் கொளுத்திவிட்டான்.

தொட்டிக் கடலில் நின்ற அன்று சாயங்காலம் ரயிலில் வீடு திரும்பியபோது அவள் வெந்நீர் பாட்டிலை வயிற்றில் அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“இன்னாயா, இன்னிக்கி எந்த ஊர கொளுத்தன?”

“கப்பல்லயே நின்னுக்கினு இருந்தேன். டாக்டரு இன்னா சொன்னாரு?”

“திரும்ப வளந்து கீதாம். அறுக்கணுமாம்.”

“அப்ப நாளைக்கே போய் சேந்துக்கலாம்.”

“மொதல்ல நீ மலைக்குப் போய் வா. போன தபா வாங்கனதுக்கே இன்னும் குடுக்கல. சாமி முடிய வாடகைக்கு வுட்டு துன்னுக்கினு கீறோம். எந்த மூஞ்ச வெச்சிக்கினு மறுபடி காப்பாத்துன்னு கேக்கறது? நீ மொட்ட போட்டாதான் நான் ஆஸ்பத்திரி படி ஏறுவேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் டாக்டர் சீட்டை நாலாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

மறுநாள் கன்னையா ஹரிபாபுவிடம் கேட்டான். “ஒரு நாளு லீவு குடு சார். மொட்ட போட்டுக்கினு வந்துடறேன். அப்பறம் டோப்பா வெச்சிக்கலாம்.”

“டோப்பா வெச்சா தெரியாதா கன்னையா? அங்க வெள்ளக்காரன் ஒவ்வொரு முடியா எண்றான். நாலாவது பாகம் முடியட்டும். முன்னாடியே அடிச்சா வேல லேது, அவ்ளோதான்.”

கன்னையா தொட்டிக்குள் காலை வைத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு வாங்க வேண்டிய மருந்தெல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீரை நம்பித்தான் இருந்தது.

அது ஆடி மாதம். ஐப்பசியில் தாட்சாயணி போய்விட்டாள். சீட்டு படத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

பிள்ளை இல்லாததால் கன்னையாதான் கொள்ளி வைக்க வேண்டும். சுடுகாட்டில் நாவிதர் பாலையா கத்தியைத் தீட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

“உக்காரு, முடிய எட்த்துட்லாம்.”

“வேணாண்ணா. இது சாமிது.”

பாலையா அந்தத் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். “சாவு வுழுந்த வூட்டுக்காரன் ஒரு வருசம் மல ஏறக் கூடாதுடா. அதுவரிக்கும் இத்த வெச்சிக்கினு இன்னா செய்வ?”

கன்னையா தலையைக் கொடுக்கவில்லை. சாத்திரத்துக்கு நுனியில் ஒரு விரற்கடை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு பாலையா கத்தியை மடக்கினார்.

பதினாறு கழித்து ஸ்டுடியோவுக்குப் போனான். ஹரிபாபு முதலில் முடியைப் பார்த்தார். மூச்சு விட்டார். பிறகு, “பாவம், நல்ல மனுஷி” என்றார்.

மார்கழியில் நாலாவது பாகம் முடிந்தது. ஹரிபாபு அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“உன் போட்டோ ஆறாயிரம் இருக்கு கன்னையா. இனிமே எந்தப் பக்கம் வேணும்னாலும் கம்ப்யூட்டரே திருப்பிக்கும். இருபது பாகத்துக்குக் கவல இல்ல. நீ ஹாய்யா மொட்ட அடிச்சுக்கோ.”

“இன்னும் பத்து மாசம் கீது சார்.”

“எதுக்கு?” என்று கேட்பதற்குள் ஹரிபாபுவின் செல்போன் அடித்தது. கன்னையா நாற்காலியை விட்டு எழுந்து படியிறங்கினான். வாசல் கண்ணாடியில் புதிதாக ஒட்டியிருந்த படத்தில், மஞ்சள் முடி பறக்க, வெள்ளை வெளேரென்று அவனே கோடரி ஓங்கிக்கொண்டிருந்தான்.

நகரி பஸ்ஸில் பாதிப் பேர் சந்தனம் காயாத மொட்டை. பக்கத்து ஸீட்டுக்காரர் தலையும் மொட்டை, அவர் மடியிலிருந்த குழந்தையும் மொட்டை.

“வேண்டுதலாண்ணா?” என்றார் அவர், முடியைப் பார்த்து.

“ஆமா. பொண்டாட்டிக்கி.”

“நல்லாயிட்டாங்களா?”

“போன தபா நல்லாயிட்டா.”

ஜன்னல் காற்றில் முடி பறந்தது. குழந்தை அதில் ஒரு கொத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அப்பா விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். “பரவால்ல, வுடுங்க” என்றான் கன்னையா. புத்தூர் வரைக்கும் குழந்தையின் கைப்பக்கம் தலையைச் சாய்த்தபடி, கேமராவுக்கு முன்னால் நிற்பவனைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தான்.