உறைந்த ரத்தமும் முதல் ஓட்டும்

முத்தியால்பேட்டையில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அது வாயுதான். தச்சுப்பட்டறை ஆதிமூலம் கையில் இழைப்புளியோடு சரிந்து விழுந்தபோதும் தெருவே கூடி அதைத்தான் சொன்னது. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், முதுகில் குத்தினார்கள், எழுந்து நாலு நடை நடக்கச் சொன்னார்கள். நல்லவேளை, அவரால் எழ முடியவில்லை.

டாக்டர் அமலநாதன் வந்து முதலில் தெருவை வெளியே துரத்தினார். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் ரத்தமே கட்டியாக உறைந்து அடைத்திருக்கிறது, ஆறு வாரத்துக்குக் கட்டிலைவிட்டு இறங்கினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார்.

"ஒறையறதுக்கு என் ரத்தம் என்ன பாலா?" என்று கேட்டார் ஆதிமூலம். அவருடைய வாய்க்கு மட்டும் எந்த அடைப்பும் இல்லை.

மூன்றாம் வாரம் தேர்தல் வந்து தொலைத்தது. இருபது வருஷமாக மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர்களின் நகரசபைக் கட்டிடத்தில், முதல் ஓட்டு ஆதிமூலத்துடையது. கட்சிக்காரர்கள் மாலை போட்டு, ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் அவரை உட்காரவைத்துக் கூட்டிப்போவார்கள். அந்த ஒருநாள் துரைத்தனத்தை நினைத்துக்கொண்டேதான் மனுஷன் மற்ற நாளெல்லாம் பலகை இழைத்தார்.

விடிந்ததும் கட்சிக்காரன் பலராமன் வண்டியோடு வந்து குரல் கொடுத்தான். உள்ளே ஆதிமூலம் சட்டைக்குக் கை நீட்டினார். அவர் மனைவி அஞ்சலாட்சி அதைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அவரு செத்துட்டாரு," என்றாள்.

பலராமன் அவள் நெற்றியைப் பார்த்தான். குங்குமம் காசளவுக்குப் பளிச்சென்று இருந்தது. அவள் முந்தானையை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்தாள்.

பலராமன் வருத்தப்பட்டான் என்று சொல்ல முடியாது. செத்தவன் ஓட்டுக்கு வண்டி வேண்டாம், மாலை வேண்டாம். செத்தவன் பேரில் போடுவதற்கென்றே கைதேர்ந்த ஆட்களை வைத்திருந்தான்.

ஓட்டு முடியும்வரை அஞ்சலாட்சி வெறும் நெற்றியோடு வாசலை மறித்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் சேதி கொண்டுவந்தார். இந்தத் தடவையும் முதல் ஓட்டு ஆதிமூலம்தான்.

எந்தப் பயல் என் பேரில் போட்டான் என்று ஆதிமூலம் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். அஞ்சலாட்சி கண்ணாடி முன்னால் நின்று குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். பொட்டு கோணலாக விழுந்தது.

"படு மாமா," என்றாள் திரும்பாமல். "இன்னொரு தபா இத என்னால அழிக்க முடியாது."

ஆதிமூலம் மெல்லத் தலையணையில் சாய்ந்தார். மிச்சமிருந்த மூன்று வாரமும் அவர் சட்டையைக் கேட்கவில்லை.