ஒரு ஹைட்ரஜன் கூட, ஒரு ஹைட்ரஜன் குறைய

தொட்டித் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. கொடுக்கு கட்டிய நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிமென்ட் சுவரைத் தாண்டப் பார்த்தன. இரண்டு மல்லாந்து கிடந்தன. கோமளா யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாக்கு வாய் திறந்து நின்றது. பக்கத்தில் அவள் கணவன் சுபாஷ் கை கழுவிக்கொண்டிருந்தான்.

நாறியது, போட்டேன் என்றான். இறால் பண்ணையில் வேலை பார்த்தபோது அப்படித்தான் போடுவார்களாம். அது காய்ந்த குளத்தில் போடுவது, இறால் பிறகுதான் வரும் என்று அவள் போன வாரமே சொல்லியிருந்தாள். அவன் தலையாட்டியும் இருந்தான்.

ஓடு மாற்றி, சதை பிடிக்காமல் இருக்கும் தண்ணி நண்டை கோட்டைக்குப்பத்தில் வியாபாரிகள் கழித்துவிடுவார்கள். அதை வாங்கி, கழிவு மீன் போட்டுத் தேற்றி விற்கலாம் என்பது கோமளாவின் யோசனை. முதலில் விட்டதெல்லாம் செத்தது. இதுவும் செத்தால் தொட்டியை இடித்து வலை வைக்கக் கொட்டகை போடுவேன் என்று சுபாஷ் சொல்லியிருந்தான். சொன்னால் செய்வான்.

புதுத் தண்ணீர் ஏற்ற வழியில்லை. கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஏரி இப்போது வற்றிக் கிடந்தது. மோட்டார் குழாயின் வாய் சேற்றில் இருந்தது. சாயங்காலம்தான் தண்ணீர் ஏறும்.

மீன் கழிவிலிருந்து சேரும் அமோனியாவைப் பார்க்கும் சின்னப் புட்டியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டினாள். நேற்று வந்த அதே பச்சை. எட்டிப் பார்த்த சுபாஷின் முகம் தெளிந்தது.

"நேத்தும் இதான், இன்னிக்கும் இதான். ஏறவே இல்ல. அப்போ என் சுண்ணாம்பு இன்னா பண்ணுச்சு?"

நியாயமான கேள்வி. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கூட்டியது. பொன்னேரியில் வேதியியல் படித்தபோது அவளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தாள்.

சொன்னாள். தண்ணீரில் அமோனியா இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, கூடுதலாக ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு மின்னேற்றத்தோடு இருப்பது. அது நண்டின் செவுளுக்குள் சுலபமாக நுழையாது. மற்றது அந்த ஹைட்ரஜனை விட்டுவிட்டது. அது தாராளமாக உள்ளே போய்க் கொல்லும். புட்டி மருந்து இரண்டையும் சேர்த்தே காட்டும். நேற்று இருந்ததில் பெரும்பகுதி முதல் விதம். சுண்ணாம்பு விழுந்ததும் அந்த ஹைட்ரஜனை உருவிக்கொண்டது. அளவு அதேதான், குணம் வேறு. காரம் காட்டும் காகிதத்தை நனைத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். கருநீலம், அத்தனை காரம்.

சுபாஷ் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு, உருவியதைத் திருப்பிக் கொடுத்தால் ஆயிற்று என்று உள்ளே போய்க் கழிவறை ஆசிட்டோடு வந்தான். இந்த முறை அவனுக்குப் புரிந்திருந்தது. அது இன்னும் ஆபத்து.

அவள் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். கடையிலிருந்து வினிகர் வாங்கி வரச் சொன்னாள்.

"ஃப்ரைட் ரைஸுக்கு ஊத்துறதா? அது சப்பை ஆசிட்டும்மே."

"சப்பைனுதான் கேக்குறேன். இந்த ஆசிட் உன்ன மாதிரி. வந்ததும் இருக்குறத மொத்தமா கொட்டிடும், விழுந்த எடத்துல கீற நண்டு வெந்துடும். வினிகர் அப்டி இல்ல. தன் ஹைட்ரஜன கைல வெச்சினு, தண்ணி கேக்கக் கேக்க விடும்."

"என்ன எதுக்கு நடுவுல இழுக்குற?"

"போய்ட்டு வாய்யா."

கடையில் இருந்ததையும் ஃபாஸ்ட்ஃபுட் வண்டியில் இருந்ததையும் வாரிக்கொண்டு வந்தான். பின்னாலேயே பக்கத்து வீட்டு நாகம்மாளும் வந்தாள். ஊருக்கே ஊறுகாய் போடப் போகிறாயா என்று கேட்டாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

கோமளா வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வினிகரைக் கலந்து, சுவரோரமாகச் சுற்றி ஊற்றினாள். கலக்கினாள். காத்திருந்தாள். காகிதம் நனைத்தாள். மறுபடி வாளி. மீதியையும் ஊற்றிவிடலாமா என்று ஒவ்வொரு வாளிக்கும் சுபாஷ் கேட்டான். ஒவ்வொரு வாளிக்கும் அவள் வேண்டாம் என்றாள். கருநீலம் மெல்ல வெளிறியது. இன்னும் மூன்று நண்டுகள் செத்தன.

சுவரில் தொற்றியிருந்தவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

சுபாஷ் தானே புட்டியை எடுத்து மருந்தைச் சொட்டினான். அதே பச்சை. கொஞ்சம்கூடக் குறையவில்லையே என்றான். கோமளா அவனைப் பார்த்தாள். அவன் புட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

சாயங்காலம் குழாயின் வாய் தண்ணீரில் மூழ்கியது.

"அப்போ தொட்டிய இடிக்கலயா?" என்றாள் நாகம்மாள்.

"எவன் இடிப்பான்? அமோனியாவ வினிகர் ஊத்தி சாவடிச்சிட்டோம்ல." ஹைட்ரஜன், செவுள், உருவுவது எல்லாவற்றையும் அவளுக்கு விளக்க ஆரம்பித்தான்.

"சாவல," என்றாள் கோமளா. "எல்லாம் உள்ளதான் கீது. பேசினது போதும், மோட்டார போடு."