மெழுகில் ஒரு இருக்கை

…பத்து மணிக்கு வருகிறேன் என்று வெல்டர் சொன்னால் அது பத்தா, பத்தரையா, இல்லை அவருக்கு மட்டும் தெரிந்த வேறு ஏதாவது பத்தா, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்பதே காலுக்கே சாக்பீஸ் கோடு போட்டுவிட்டாள், மோட்டார் சைக்கிளின் பின்சட்டத்தில் இரண்டு குழாய்களிலும், இடதில் ஒன்று வலதில் ஒன்று, இந்த இடத்தில் அறுத்தால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முழ இரும்பு போய்விடும், வண்டி ஒற்றை ஆள் வண்டி ஆகிவிடும், அப்புறம் மனசு மாறி ஒட்ட வேண்டும் என்றால்… ஒட்டலாம், ஆனால் பழைய பலம் வராது. "நல்லா யோசிச்சுக்குங்க மேடம், வெட்டினா வெட்டினதுதான்" என்று போனவாரமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் அந்த மனுஷர். யோசிக்காமலா? எட்டு மாதத்தில் வண்டியின் நிறம் ஐந்து தடவை மாறியிருக்கிறது, ஹேண்டில்பார் மூன்று தடவை, முதல் நாளிலிருந்து மாறாதது இது ஒன்றுதான், ஒற்றை இருக்கை, தனக்கு மட்டும். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்ல பதிலும் தயாராக இருக்கிறது, யாரும்தான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் புருஷனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவள், அவர் நல்ல உயரம், இவள் அவர் தோளுக்குத்தான் வருவாள், அதனால் இவள் பார்த்த ரோடெல்லாம் பாதி ரோடு, மீதிப் பாதி சட்டை. கட்டம் போட்ட சட்டை, கோடு போட்ட சட்டை, மழைக்காலத்தில் நீல ரெயின்கோட்டு. எதிரே வருவது லாரியா பஸ்ஸா என்று அவர் பிரேக் பிடித்த பிறகுதான் இவளுக்குத் தெரியும். ஒரு ரோடு முழுசாக எப்படி இருக்கும்? நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தேகம் வந்து தொலைத்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள், ஓட்டக் கற்றுக்கொண்டாள், லைசென்ஸ் எடுத்தாள், அதோடு விட்டாளா, பழைய இரும்புக்கடையில் மூன்று சாக்குகளில் கிடந்த ஒரு மோட்டார் சைக்கிளை, தன்னைவிட ஏழே வயது இளையதை, கொண்டுவந்து மகளின் அறையில் கொட்டினாள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய் ஒரு வருஷம் ஆகிறது, அறை சும்மாதானே கிடக்கிறது.

மோட்டார் சைக்கிளைப் பற்றி அப்போது அவளுக்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது, தெரிந்ததெல்லாம் பல். பல் செட் செய்யும் லேபில் இருபது வருஷமாக வேலை, முகம் பார்க்காத ஆட்களின் வாயெல்லாம் அவளுக்கு அத்துப்படி, இந்த ஆள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார், இந்தம்மா வலது பக்கமே மெல்லுவார் என்று அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தப் புத்தியோடுதான் வண்டிக்குள்ளும் மூக்கை நுழைத்தாள். சிலிண்டருக்குள் கீறல் இருக்கிறதா என்று வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள், கழற்றிய போல்ட்டுகளை லேபில் மிச்சமான பல் டப்பாக்களில் போட்டு வைத்தாள், கார்புரேட்டர் போல்ட்டு முன்பல், கிளட்ச் போல்ட்டு கோரைப்பல், பெரிய சாமான் எல்லாம் கடைவாய்ப்பல். கிளட்ச் தகடுகளை வரிசை மாற்றிப் போட்டு, வண்டி கியரில் இருந்தும் நகராமல் உறுமியதே, அன்றைக்குப் புருஷன் வாசலில் நின்று, "இன்ஜினியரம்மா, பல்லு முளைக்குது போல, அதான் அழுவுது" என்றார், இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவர் சிரிப்பு எப்போது நின்றது? …ஒற்றை இருக்கைப் படத்தை வரைந்து அலமாரிக் கதவில் ஒட்டினாளே, அதற்கப்புறமா? பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் அவரிடம் கழற்றித் தரச் சொன்னாள், கழற்றினார், பனியன் துணியால் துடைத்தார், துருப்பிடித்துத் தேவையில்லை என்று ஆன சாமானை எதற்குத் துடைக்க வேண்டும், "இதை எதுல போட?" என்று கேட்டார், கடைவாய்ப்பல் டப்பாவில் என்றாள், போட்டார், போய்விட்டார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கோபமாக இருந்தால் கேட்டிருக்கலாமே, நான் எங்கே உட்காருவது என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை… கேட்டிருந்தால் இவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது வேறு விஷயம். உங்களுக்குத்தான் ஸ்கூட்டர் இருக்கிறதே என்று சொல்லியிருப்பாள், அதுதான் நிஜம்.

சரி, மெழுகு ஆறுவதற்குள் வேலையைப் பார்க்க வேண்டும். இருக்கைக்கு அச்சு எடுக்காமல் கோடு போட்டது தப்பு, வேலை தெரிந்தவர்கள் முதலில் அச்சுதான் எடுப்பார்கள், ஆசைக்குத்தான் அவசரம். ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியின் சட்டத்தின் மேல் ஒரு பிளைவுட் பலகை, அதன்மேல் பல் செட்டுக்குப் பயன்படுத்தும் இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகளை அடுக்கி, ஹேர் டிரையரைக் காட்டிக் காட்டி இளக வைத்து, மேலே ஒரு பாலிதீன் தாள். எப்படி உட்கார வேண்டும் என்று யோசிக்கக் கூடாது, அதுதான் முக்கியம், பல் டாக்டர்கள் கடியுங்கள் என்று சொல்லவே மாட்டார்கள், சொன்னால் யாரும் சரியாகக் கடிப்பதில்லை, எச்சிலை விழுங்கி வாயை மூடுங்கள் என்பார்கள், அப்போதுதான் வாய் தன் வழக்கமான இடத்துக்குப் போகும். அவளும் எச்சிலை விழுங்கிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், இல்லாத ஆக்சிலேட்டரை முறுக்கினாள், நூறு வரை எண்ணினாள், இறங்கினாள், தாளை எடுத்தாள், எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது பக்கம் ஒரு விரல் ஆழம் அமுங்கியிருக்கிறது, வலது பக்கம் பேருக்கு. பலகை சாய்ந்திருக்கிறதா? மட்டம் வைத்துப் பார்த்தாள், இல்லை. வேறு யாருடைய அச்சாக இருந்தாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள், தன்னுடையது என்பதால் ஒரு நிமிஷம் பிடித்தது… இது எட்டிப் பார்க்கிறவள் உட்காரும் விதம். இடது தோளுக்கு வெளியே தலையை நீட்டி ரோட்டைப் பார்க்கிறவள். முன்னால் ஜன்னல்தானே இருந்தது, ஜன்னலை மறைக்க யார் இருந்தார்கள்?

அப்படியென்றால் அவர் எப்படி உட்காருவார்? கேள்வி வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. மெழுகைத் திரும்ப இளக்கிச் சமமாக்கினாள், "ஏங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்." அவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார், ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தார், மெழுகைப் பார்த்தார், "சூடா இருக்குமா?" "கொஞ்சம்." "எனக்கு எதுக்கும்மா அச்சு, ஒரு சீட்டுதானே?" குரலில் குத்தலே இல்லை, அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது, சும்மா பார்க்கத்தான் என்றாள், எச்சிலை விழுங்குங்கள் என்றாள், அவர் கீழ்ப்படிந்து விழுங்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் டேங்கை ஒட்டி உட்கார்ந்தார். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது, முதுகு கூனுகிறது, அவ்வளவு உயரமான மனுஷர் பலகையின் முன்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறார், பின்னால் ஒரு முழத்துக்கும் மேல் மெழுகு ஒரு சுருக்கம் கூட இல்லாமல் பளபளவென்று கிடக்கிறது. "நல்லா தள்ளி உக்காருங்களேன், பின்னால யாரும் இல்லையே." அவர் திரும்பிப் பார்த்தார், தனக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி, "அட" என்றார், "பழகிடுச்சு" என்றார், தள்ளி உட்கார்ந்தார், இரண்டு நிமிஷத்தில் மறுபடி முன்னால் வந்திருந்தார். ஸ்கூட்டரிலும் இப்படித்தானா, இருபத்திரண்டு வருஷமும் இவளுக்கு இடம் விட்டு இப்படி முட்டி இடிக்க இடிக்கவா? சாயங்காலம் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்வாரே, வயசாகிவிட்டது என்று இவள் கிண்டல் செய்வாளே… அந்தத் தோளைத் தாண்டிப் பார்ப்பதிலேயே குறியாக இருந்தவள், அது எவ்வளவு முன்னால் தள்ளிப் போயிருக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்தாளா? அழுகை வரும் போலிருந்தது, வெல்டர்தான் வந்தார்.

வெல்டர் வந்தார், சொன்னபடி பத்துக்கே வந்தார், வராமல் இருந்தால் தேவலை என்றிருக்கும்போதுதான் சரியாக வருவார்கள். மெஷினைக் கீழே வைத்தார், வயரை மகளின் படிப்பு மேஜைக்குப் பின்னால் சொருகினார், கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார், "இதானே மேடம், வெட்டிடலாமா?" இதுதான். வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, ஆனால் ரோடு முழுசாக வேண்டுமே, அந்த ஆசை ஒரு இம்மியும் குறையவில்லை, யாருக்காகவும் விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி சட்டையைப் பார்த்துக்கொண்டு போக அவள் தயாரில்லை, அதற்காகத்தானே இத்தனை பாடு… ஒற்றை இருக்கை இல்லையென்றால் பின்னிருக்கை, அப்படித்தானே? அப்படித்தானா? இரண்டு பேர் வண்டி என்றால் தான் பின்னால் என்று யார் சொன்னது, எட்டு மாதமாக இஞ்ச் டேப்பும் கையுமாக அலைந்தவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் ஏன் தோன்றவே இல்லை? "ஒரு நிமிஷம் இருங்க" என்று வெல்டரிடம் சொன்னாள், ஹேர் டிரையரை எடுத்தாள், "நீங்க கொஞ்சம் பின்னால போங்க" என்று புருஷனிடம் சொன்னாள். "எவ்வளவு?" என்றார் அவர். எவ்வளவு என்று அவளுக்கு எப்படித் தெரியும். அவர் நகர்ந்தார், அவள் முன்பக்கத்து மெழுகை இளக்கினாள், அவருக்குக் கால் வைக்க இடமில்லை, ஃபுட்ரெஸ்ட் இரண்டும் டப்பாவில், கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் பலகையைப் பிடித்தார், அப்புறம் அவள் தோளை. அவள் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரு, பக்கத்து வீட்டுக் கதவிலிருந்து முனையில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒரு மறைப்பும் இல்லாமல் மொத்தத் தெருவும். வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறோமா, இல்லை இப்போதும் இடது பக்கமாகவா… எழுந்தால் மெழுகு சொல்லிவிடும். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.