காவேரி கொடுத்த வாட்ச்

வியட்நாமுக்குப் பயிற்சிக்குப் போகப்போகிறவர் இசக்கிசெல்வி என்று சூப்பர்வைசர் பலராமன் சார் காலை மீட்டிங்கில் சொன்னபோது, முதலில் கை தட்டியவள் காவேரிதான். அவள் தட்டிய வேகத்தைப் பார்த்துத்தான் லைனில் இருந்த மற்ற பெண்களும் தட்டினார்கள். செல்வி திரும்பிக் காவேரியைத்தான் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. காவேரி அவள் தோளை அணைத்துக்கொண்டாள். அணைத்த கைக்கு வலிக்கும் அளவுக்கு இறுக்கிக்கொண்டாள்.

ஒரகடத்தில் அவர்கள் வேலை பார்த்த கம்பெனி, கார்களுக்கான எலக்ட்ரானிக் போர்டுகள் செய்யும் கம்பெனி. புதிதாக ஒரு தயாரிப்பு லைன் வருகிறது. அதற்கான மெஷின்கள் வியட்நாமில் இருக்கும் கிளையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒருத்தி போய்க் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த ஒருத்தி தான்தான் என்று காவேரி உறுதியாக நம்பியிருந்தாள். மணிமங்கலத்துக்காரி. பிறந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவள். செல்விக்கு ஒரு வருஷம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள். நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு துணிப்பையோடு வந்து, ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கி, டெஸ்டிங் மெஷின் முன்னால் நடுங்கிக்கொண்டு நின்ற செல்விக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவள்தான். பாஸ்போர்ட்கூட அவளிடம் தயாராக இருந்தது. செல்விக்கு இனிமேல்தான் எடுக்க வேண்டும். அப்படியும் செல்வியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் என்று காவேரி யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். இன்டர்வியூவுக்கு வந்திருந்த பெரிய அதிகாரியிடம் செல்வி நிறையக் கேள்வி கேட்டாள் என்றும், மெஷின் நின்றால் யாரையும் கூப்பிடாமல் ஏன் நின்றது என்று அவளே பார்க்கிறாள் என்றும் கேன்டீனில் பேச்சு அடிபட்டது. காவேரி தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

செல்வி கிளம்பும் நாளில் காவேரி தன் ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டாள். செல்வி தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டாள். ஹாஸ்டலில் யாராவது பிடித்து உலுக்கித்தான் எழுப்புவார்கள். இந்த வாட்ச் அலாரம் நேரத்துக்குக் கையிலேயே அதிரும், அங்கே உலுக்க ஆள் வேண்டாம் என்று காவேரி எல்லோர் முன்னாலும் சொன்னாள். பெண்கள் நெகிழ்ந்துபோனார்கள். காவேரிக்கு அது பாசமாக வந்ததல்ல. தன் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் கொடுத்தது. வண்டி வந்து நின்றுவிட்டது. செல்விக்கு மெயில் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. அதனால் அவள் போனிலும் காவேரி தன் மெயில் ஐடியையே போட்டு வாட்ச்சை இணைத்துக்கொடுத்தாள்.

போய்ச் சேர்ந்த மறுநாளே செல்வி கூப்பிட்டாள்.

"காவேரிக்கா, வாட்ச்ல நம்ம ஊரு மணியே காட்டுது. இங்க விடிஞ்சு வெளிச்சம் வந்துட்டு. நான் எதைப் பாத்து எந்திரிக்க?"

காவேரி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஊர் சிம் அங்கே வேலை செய்யாது. முதலில் விடுதி வைஃபையில் போனைச் சேர்க்க வேண்டும். நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி போனில் மாற்ற வேண்டும். பிறகு புளூடூத்தை அணைத்துப் போட்டால் வாட்ச்சும் போனைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். அப்படியே நடந்தது. சரியாகிவிட்டது என்று செல்வி சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். அன்று முழுக்கக் காவேரிக்கு மனசு லேசாக இருந்தது. வெளிநாட்டுக்கே போனாலும் தன்னைக் கேட்டுத்தானே ஆக வேண்டியிருக்கிறது.

அந்த வாரத்தில் ஒருநாள், கம்பெனி பஸ் படப்பை நெரிசலில் நின்றிருந்தபோது, பொழுதுபோகாமல் தன் போனில் இருந்த வாட்ச் ஆப்பைத் திறந்தாள். செல்வியின் நாள் முழுவதும் அதில் விரிந்து கிடந்தது. எப்போது தூங்கினாள், எப்போது எழுந்தாள், எவ்வளவு நடந்தாள், நடந்த வழி, எல்லாம். ஐடி காவேரியுடையது அல்லவா, அங்கே பதிவானதெல்லாம் இங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. மேப்பில் ஒரு ஏரி. ஏரியைச் சுற்றி நீலக்கோடு. செல்வி சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடந்திருக்கிறாள்.

இதைச் செல்விக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொல்லவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் கை தானாக அந்த ஆப்பைத்தான் திறந்தது.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. தன் ஊரிலும்தான் ஏரி இருக்கிறது, அதைச் சுற்றி ஒருநாளும் தான் நடந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீலக்கோடு புதுப்புது தெருக்களுக்குள் போய் வந்தது. எந்தக் கடையில் நின்றாள், என்ன வாங்கினாள், யாரோடு போனாள்? காவேரி வீட்டில் துணி துவைத்துக்கொண்டே யோசிப்பாள். செல்வி போன் செய்யும்போது அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அவளாகச் சொல்ல ஆரம்பித்தால், வேலைக்கு ஆள் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிடுவாள். தெரியவேண்டியதைத்தான் அவள் சொல்லாமலே தெரிந்துகொள்கிறோமே என்று ஒரு கசப்பான திருப்தி.

ஒருநாள் செல்வியின் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. செல்வியும் லான் என்ற அந்த ஊர்ப் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். லான் அவளுடைய அறைத்தோழி. காவேரி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதுவரை வியட்நாம்மேல் இருந்த எரிச்சல் அன்றிலிருந்து லான்மேல் திரும்பியது.

அதற்குப் பிறகு செல்வியின் போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. ஆப்பில் நீலக்கோடும் நின்றுவிட்டது. செல்வி புதுப் போன் வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். வாட்ச் புதுப் போனில் சேரமாட்டேன் என்கிறது, வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் முடியவில்லை என்று காட்டுகிறது, போனோடு சேராததால் அலாரமும் அதிரவில்லை என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே காவேரியின் போனில் ஒரு செய்தி வந்து நின்றது. உங்கள் வாட்ச்சை வேறொரு போனில் இணைக்கப் பார்க்கிறார்கள், அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான். ஆம். வேண்டாம்.

காவேரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "என் ஐடியவே போட்டுக்கோ, செல்வி. ஓடிபி வரும், சொல்றேன்" என்றாள். பழையபடி எல்லாம் தனக்குத் தெரியவரும் என்ற கணக்கு அதில் இருந்தது.

"வேண்டாம்க்கா. லான் எனக்குன்னே புது மெயில் ஐடி போட்டுத் தந்திருக்கா. பாஸ்வேர்டுகூட ரெண்டு பேரும் சேந்துதான் வச்சோம்."

காவேரி 'வேண்டாம்' பொத்தானை அழுத்தினாள்.

பிறகு அவள் சொன்னதெல்லாம் வீண் வேலை. வாட்ச்சை அணைத்துப் போடச் சொன்னாள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு எடுக்கச் சொன்னாள். லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறாயா என்று கேட்டாள். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கச் சொன்னாள். செல்வி ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஆவலோடு காத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் காவேரியின் போனில் அதே கேள்வி வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் விரல் ஒரே இடத்துக்குப் போனது. கடைசியில், அந்த ஊரில் அது ஒத்துவராது போல, திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். செல்வி சரி என்று வைத்துவிட்டாள்.

காவேரி கை கழுவப் போனாள். என்ன பெரிய தப்பு, ஒரு வாட்ச்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஏரி, புதுத் தெரு, புதுச் சினேகிதி என்று எல்லாம் கிடைத்தவளுக்கு ஒன்றே ஒன்று வேலை செய்யாமல் இருந்துவிட்டுப் போகட்டுமே.

கொஞ்ச நாளில் பலராமன் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். செல்வி காலையில் பயிற்சிக்கு அடிக்கடி லேட்டாக வருகிறாள் என்று அங்கிருந்து புகார் வந்திருக்கிறது. விடுதி பஸ்ஸைத் தவறவிடுகிறாளாம். இப்படியே போனால் பாதியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"உங்கிட்ட பாஸ்போர்ட் இருக்குதுல்லம்மா? எதுக்கும் ரெடியா வெச்சிக்கோ. அவ வந்தா மீதிக்கு உன்னைத்தான் அனுப்பணும்."

செல்வி ஏன் எழவில்லை என்று காவேரிக்குத் தெரியும். வாட்ச் வேலை செய்யாதது அவளைத் தவிர அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியாது. வாட்ச் இல்லாவிட்டால் எழமாட்டாள் என்று சொல்லி அதைக் கட்டிவிட்டதே அவள்தானே. சாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனில் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது, "இருக்குது சார், ரெடியா கீது" என்பதுதான்.

அன்று வீடு திரும்பியவள் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். அம்மா அம்சவல்லி என்ன ஏது என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடினாள். அப்பா தாண்டவராயன், குன்றத்தூரில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டு அவள் வீட்டு டிராலி பேக்கைக் கேட்டு வாங்கிவிட்டார். அந்தச் சில நாட்கள் காவேரி உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சந்தோஷத்துக்குள் செல்வியின் முகம் வரும்போதெல்லாம் பேக்கின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செல்வி கூப்பிட்டாள். இப்போது லேட்டாவதில்லை, லான் தன் ஷிப்டுக்கு முன்னாலேயே எழுந்து தன்னை உலுக்கி எழுப்பி, பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாள் என்றாள். பயிற்சி கொடுப்பவரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. மீதி நாட்களையும் முடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற டிராலி பேக்கைப் பார்த்தபடி காவேரி 'உம்' கொட்டினாள். பிறகு செல்வியின் குரல் மாறியது.

"நேத்து வாட்ச்ச ஒரு கடைக்குக் கொண்டு போனோம்க்கா. இது வேற ஒருத்தர் ஐடில இருக்காம். நான் சேக்கும்போதெல்லாம் அந்த ஆளு போனுக்குக் கேள்வி போயிருக்கும்னு கடைக்காரன் சொல்லுதான். உனக்கு வந்துச்சா?"

வரவில்லை என்று சொல்ல வழி இருந்தது. கவனிக்கவில்லை என்றும் சொல்லலாம். செல்வி நம்பியும் இருப்பாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பாள்.

"வந்துது" என்றாள் காவேரி.

"பாக்கலியோ?"

"பாத்தேன்."



"எதுக்குக்கா?"

"உன்ன அனுப்புனாங்க, என்ன அனுப்பல. அதான். நீ எங்க போற, எங்க வர்றன்னுகூட பாத்துகினேதான் இருந்தேன். உங்கிட்ட சொல்லல."

செல்வி கத்தவில்லை. "என்னைப் பாதியில திருப்பி அனுப்பியிருந்தா, எங்க அம்மை மூஞ்சில நான் எப்படி முழிச்சிருப்பேன்? அத ஒரு தடவகூட நெனைக்கலியா நீ?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

காவேரி ஆப்பைத் திறந்து வாட்ச்சைத் தன் ஐடியிலிருந்து நீக்கினாள். பழைய பதிவுகள் எல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரித்தது. சரி என்று அழுத்தினாள். இனி இணைத்துக்கொள்ளலாம் என்று செல்விக்கு எழுதினாள். செல்வி அதைப் படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் பலராமன் சாரிடம் போய், செல்வி லேட்டானதற்குக் காரணம் தான்தான் என்று சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, அவளை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். போய் வேலையைப் பார் என்றார். பயணம் இல்லை என்றானதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அம்மா எப்படிச் சொன்னாளோ, காவேரி கேட்கவில்லை.

செல்வி திரும்பி வந்தபோது புது லைனுக்கு லீடராகத்தான் வந்தாள். அவள் கையில் வாட்ச் இல்லை. காவேரி அவளுக்குக் கீழே வேலை செய்ய வேண்டியிருந்தது. மெஷினை எப்படித் திறப்பது, எந்த விளக்கு எரிந்தால் எதைப் பார்ப்பது என்று செல்வி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். காவேரிக்கும் அதே குரலில் சொன்னாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தச் சமமான குரல்தான் காவேரியைத் தினமும் அறுத்தது. மற்ற பெண்கள் சாப்பாட்டு மேஜையில் வியட்நாம் கதை கேட்டுச் சிரிக்கும்போது அவள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். செல்வி கூப்பிடவும் இல்லை, விரட்டவும் இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயம், இன்னும் இரண்டு பேரை அனுப்பப்போவதாகப் பேச்சு வந்தது. அதில் காவேரியின் பெயர் இருந்தது. லீடரின் சிபாரிசு இல்லாமல் பெயர் போகாது என்று அவளுக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து பஸ் நிற்கும் இடத்தில் செல்வியை மறித்தாள்.

"நீதான் சொன்னியா?"

"வேலை எப்படிப் பாப்பான்னு கேட்டாவ. நல்லாப் பாப்பான்னேன்."

"எனுக்காவ சொன்னியா?"

"உனக்காகச் சொல்லல. உம்மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு. அவிய வேலையப் பத்திக் கேட்டாவ, நான் வேலையப் பத்திச் சொன்னேன்."

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்துவிட்டது. செல்வி ஏறிப் போய்விட்டாள். காவேரிக்குப் பழைய எரிச்சல் நெஞ்சுக்குள் மறுபடி கிளம்பியது. இந்த முறை அது ஏரிக்காகவும் இல்லை, லானுக்காகவும் இல்லை. கோபம் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வேலை தெரிந்தவள் என்றும் சொல்ல இந்தப் பெண்ணால் எப்படி முடிகிறது? தன்னால் முடிந்திருக்காது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

தன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நெடுநேரம் போனைக் கையில் வைத்திருந்துவிட்டு, செல்விக்கு எழுதினாள். அங்கே குளிருமா, என்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டாள். அந்த ஊரைப் பற்றி அவள் செல்வியிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பஸ் படப்பையைத் தாண்டும்போது பதில் வந்தது.

"குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கோ. இட்லிப்பொடியும் கொண்டு போ, சாப்பாடு உனக்குப் பிடிக்காது."